பழைய கிட்டங்கியைப் பல்கலைக்கழகமாக்குவது எப்படி? டகோமா வளாகத்தை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில், சியாட்டிலுக்குத் தெற்கே இருக்கும் துறைமுக நகரம் டகோமா. அங்கே பசிபிக் அவென்யூவில் நின்று அண்ணாந்து பார்த்தால், செங்கல் சுவர்களில் மழையும் வெயிலும் பட்டு மங்கிய பெயின்ட் எழுத்துகள் தெரியும். நூறு வருடத்துக்கு முந்தைய மொத்த வியாபாரிகளின் விளம்பரங்கள் அவை. அந்தச் சுவர்களுக்குப் பின்னால் இன்று வகுப்பு நடக்கிறது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தின் டகோமா கிளை 1990-ல் நகர மையத்தில் வாடகைக் கட்டடத்தில் தொடங்கி, 1997-ல் இந்தக் கிட்டங்கிகளுக்குக் குடிவந்தது.

நார்தர்ன் பசிபிக் ரயில்வே தன் கடைசி நிலையமாக 1873-ல் டகோமாவைத் தேர்ந்தெடுத்தது. தண்டவாளத்தை ஒட்டி மளிகை, மரச்சாமான், வைக்கோல், விதை, மெத்தை என்று ஆளாளுக்குக் கிட்டங்கி கட்டினார்கள். பிறகு சரக்கு லாரிக்கு மாறியது, கடைகள் நகரத்துக்கு வெளியே போயின. 1911-ல் திறந்த யூனியன் ஸ்டேஷனிலிருந்து கடைசிப் பயணிகள் ரயில் கிளம்பியது 1984-ல். அதற்குள் பாதிக் கட்டடங்கள் வெறும் புறா மாடங்களாகிவிட்டன. அப்படிப்பட்ட தெருவில்தான் ஒரு பல்கலைக்கழகம் போய் உட்கார்ந்தது.

இப்படி ஒரு வேலையைக் கையில் எடுப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். பழைய கட்டடங்களோடு பல வருடம் மல்லுக்கட்டியதில் எனக்குப் புரிந்தது இதுதான்: கட்டடத்தால் ஏற்கெனவே என்ன முடியும் என்று கேட்டுவிட்டு, அதற்கேற்ப வகுப்புகளை வையுங்கள். முதலில் பட்டியல் போட்டுவிட்டு அதற்குள் கட்டடத்தை அடக்கப் பார்த்தால் காசும் போகும், கட்டடமும் போகும்.

படி 1: முதலில் தண்ணீரை நிறுத்துங்கள்

கட்டடம் கைக்கு வந்த அன்று ஆர்க்கிடெக்ட்டைத் தேடி ஓட வேண்டாம். கூரை வேலை தெரிந்த ஒருவரைக் கூப்பிடுங்கள். வாங்கும் நாளுக்கும் வேலை தொடங்கும் நாளுக்கும் நடுவில் சில வருடங்கள் போய்விடும். அரசுப் பல்கலைக்கழகமாக இருந்தால் சட்டசபை நிதி ஒதுக்கும் வரை காத்திருக்க வேண்டும். அடைத்துக்கொண்ட ஒரே ஒரு மழைநீர்க் குழாய் போதும், அந்தக் காத்திருப்பில் ஒரு விட்டத்தின் முனையை இற்றுப்போக வைக்க.

செய்ய வேண்டியது ரொம்பச் சாதாரண வேலை. கூரை ஓட்டைகளை அடையுங்கள். கூரையோர மழைநீர்ப் பீலிகளைச் சுத்தம் செய்து, உடைந்த குழாய்களை மாற்றுங்கள். உடைந்த ஜன்னல்களுக்குப் பிளைவுட் அடிக்கும்போது காற்று போக வழி விடுங்கள். இறுக்கி மூடினால் உள்ளே ஈரம் தேங்கிப் பூஞ்சை பிடிக்கும். அப்புறம், நல்ல மழை பெய்யும் ஒரு நாளில் டார்ச்சை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு மாடியாக நடந்து பாருங்கள். வெயில் நாளில் பத்து முறை பார்த்தாலும் தெரியாதது அன்று தெரியும்.

இதை ஏன் முதல் படியாக வைக்கிறேன் என்றால், டகோமாவிலேயே ஒரு இழப்பு நடந்தது. அங்கே வாழ்ந்த ஜப்பானியக் குடும்பங்கள் தங்கள் பிள்ளைகளுக்காக 1922-ல் கட்டிய மொழிப்பள்ளி ஒன்று வளாகத்துக்குள் வந்து சேர்ந்தது. 1942 மே மாதத்தில், இரண்டாம் உலகப் போரின் பெயரால் அந்தக் குடும்பங்களை முகாம்களுக்கு அனுப்பியபோது, அவர்கள் வரிசையில் நின்று பதிவு செய்துகொண்டதும் அதே பள்ளியில்தான். போனவர்களில் பெரும்பாலோர் டகோமாவுக்குத் திரும்பவில்லை. மரக்கட்டடம் ஆளில்லாமல் நனைந்து கிடந்தது. பழுது மீறிப்போய்விட்டது என்று 2004-ல் இடித்தார்கள். இப்போது அந்த நினைவைச் சொல்ல 2014-ல் வைத்த ஒரு வெண்கலச் சிற்பம் இருக்கிறது. சிற்பம் அழகானதுதான். ஆனால் அந்தப் பிள்ளைகள் உட்கார்ந்து படித்த அறை இனி யாருக்கும் கிடைக்காது.

கட்டடம் காலியாக இருக்கும் காலத்தில் ஏதாவது ஒரு நடமாட்டத்தை உள்ளே வைத்துக்கொள்வதும் உதவும். லாஸ் ஏஞ்சல்ஸில், பின்னாளில் ஹெரால்ட் எக்ஸாமினர் ஆன எக்ஸாமினர் நாளிதழுக்காக ஜூலியா மார்கன் என்ற ஆர்க்கிடெக்ட் வடிவமைத்த 1914-ஆம் ஆண்டுக் கட்டடத்தைப் பாருங்கள். பத்திரிகை 1989-ல் நின்றது. அதன் பிறகு பல வருடம் சினிமா ஷூட்டிங் நடந்துகொண்டிருந்தது. கடைசியில் அரிசோனா மாநிலப் பல்கலைக்கழகம் 2021-ல் அங்கே குடியேறியது. ஷூட்டிங் வாடகையை விட முக்கியம், யாரோ ஒருவர் தினம் கதவைத் திறந்து, எங்கே ஒழுகுகிறது என்று பார்த்தார்கள் என்பது.

படி 2: கட்டடத்தைப் படியுங்கள்

பழைய டிராயிங் கிடைத்தால் சந்தோஷம். ஆனால் நம்ப வேண்டாம். கட்டியவர்களும் மாற்றினார்கள், பின்னால் வந்த ஒவ்வொரு வாடகைக்காரரும் மாற்றினார்கள். லேசர் ஸ்கேன் எடுத்து இன்றைய நிலையைப் புதிதாக வரைந்துவிடுங்கள்.

அதன் பிறகு கையால் தொட்டுப் பார்க்கும் வேலை. செங்கல் கிட்டங்கிகளில் விட்டத்தின் முனை சுவருக்குள் ஒரு குழியில் உட்கார்ந்திருக்கும். நடுவில் மரம் இரும்பு போல இருக்கும். டக்ளஸ் ஃபிர் என்னும் அந்த ஊர் மரம் அவ்வளவு உறுதி. முனையில்தான் விஷயம். மெல்லிய ஸ்க்ரூ டிரைவரைச் சுவரோரம் அழுத்திப் பாருங்கள். ‘டக்’ என்று நின்றால் சரி. வெண்ணெயில் போவது போல இரண்டு விரல் ஆழம் இறங்கினால், அந்த விட்டத்துக்கு ஒரு எண் கொடுத்துக் குறித்துக்கொள்ளுங்கள். எல்லா முனைகளையும் இப்படிப் பார்க்க வாரங்கள் ஆகும். யாரும் விரும்பாத வேலை. ஆனால் சுவரை உடைத்த பிறகு தெரியவந்தால் பட்ஜெட் அங்கேயே சாய்ந்துவிடும்.

சாந்தின் வலிமையைச் சுவரிலேயே சோதிக்கலாம். ஒரு செங்கலை மெதுவாக எடுத்துவிட்டு, அந்த இடத்தில் சின்ன ஜாக் ஒன்றை வைத்துப் பக்கத்துச் செங்கலைத் தள்ளுவார்கள். எவ்வளவு அழுத்தத்தில் அது நகர்கிறது என்பதுதான் நிலநடுக்கக் கணக்குக்கே ஆதாரம். மாடிக்கு மாடி, திசைக்குத் திசை எடுங்கள். மழை அடிக்கும் பக்கத்துச் சாந்து எப்போதும் பலவீனமாக இருக்கும்.

ஆஸ்பெஸ்டாஸ், ஈயப் பெயின்ட் சோதனை கட்டாயம். மண்ணையும் மறக்காதீர்கள். முன்பு இங்கே யார் என்ன தொழில் செய்தார்கள் என்ற பட்டியலைப் பழைய தீக்காப்பீட்டு வரைபடங்களிலிருந்து எடுக்கலாம். டகோமா வளாகத்தின் நிலத்தடி நீரில் பழைய தொழில்கள் விட்டுப்போன மாசு உண்டு. மாநிலச் சூழலியல் துறையின் மேற்பார்வையில் அதைச் சுத்தம் செய்யும் வேலை பல வருடமாக நடக்கிறது. இது தெரிந்த பிறகுதான் எங்கே தோண்டலாம், எங்கே லிப்ட் குழி போடலாம் என்று பேச முடியும்.

படி 3: எந்த வகுப்பு எந்த மாடியில்?

இந்தப் படியில் அவசரமே கூடாது.

முதலில் பாரம். இன்றைய அமெரிக்க விதிப்படி வகுப்பறைத் தளம் ஒரு சதுர மீட்டருக்குச் சுமார் 195 கிலோ தாங்கினால் போதும். நூலகத்தில் புத்தக அலமாரி அடுக்கும் இடம் சுமார் 730 கிலோ தாங்க வேண்டும். சரக்குக் கிட்டங்கி என்றால் லேசான சரக்குக்கே 610 கிலோ, கனமான சரக்குக்கு 1,220. பழைய ஆட்கள் இந்த எண்களை வைத்துக் கட்டவில்லை. ஆனாலும் சர்க்கரை மூட்டையும் ஏர்க்கலப்பையும் அடுக்கக் கட்டிய தளத்துக்கு மாணவர்களின் எடை ஒரு பொருட்டே இல்லை. கிட்டங்கியைப் பள்ளியாக்குவது அலுவலகத்தைப் பள்ளியாக்குவதைவிடச் சுலபம் என்று நான் சொல்வதற்கு இதுதான் காரணம். மெல்லிய தளம் உள்ள பழைய அலுவலகத்தில் நூலகம் வைக்க ஆசைப்பட்டால், கீழிருந்து மேல்வரை தூண்களைப் பலப்படுத்த வேண்டியிருக்கும்.

அடுத்தது தூண்களின் இடைவெளி. மரச்சட்டக் கிட்டங்கிகளில் நான்கைந்து மீட்டருக்கு ஒரு தூண் நிற்கும். முப்பது பேர் வகுப்பு, ஆசிரியர் அறை, கூடிப் பேசும் இடம் எல்லாம் அதற்குள் அழகாக அமையும். இருநூறு பேர் உட்காரும் அரங்கம் அமையாது. அதற்காகத் தூண்களை வெட்டி இரும்பு விட்டம் போடுவது எனக்குச் சம்மதமே இல்லை. பெரிய அரங்கத்தைப் பக்கத்துக் காலி மனையில் புதிதாகக் கட்டுங்கள்.

மூன்றாவது வெளிச்சம். கிட்டங்கிகள் தோளோடு தோள் ஒட்டிக் கட்டியவை. முன்னும் பின்னும்தான் ஜன்னல். ஜன்னலிலிருந்து ஆறேழு மீட்டர் தாண்டினால் பகலிலும் விளக்கு வேண்டும். நடுப்பகுதியில் கழிவறை, சர்வர் அறை, லிப்ட், படிக்கட்டு ஆகியவற்றை வையுங்கள். அப்படியும் இருட்டாக இருந்தால் தளங்களில் ஒரு பகுதியைத் திறந்து மேலிருந்து வெளிச்சம் இறக்கலாம். அப்போது எடுக்கும் மரத்தைத் தூக்கி எறியாதீர்கள். பெஞ்சுக்கும் படிக்கட்டுப் பலகைக்கும் அதைவிட நல்ல மரம் இன்று கடையில் கிடைக்காது.

டகோமாவில் இந்தப் பொருத்தத்தைப் பார்த்து நான் அசந்துபோனது நூலகத்தில்தான். ஸ்னோகுவால்மி அருவியில் எடுத்த மின்சாரத்தை ஊருக்குப் பிரித்துக்கொடுக்க 1902-ல் கட்டிய டிரான்ஸ்ஃபார்மர் கூடம் அது. பெரிய இயந்திரங்கள் நிற்பதற்காக நடுவில் மாடியே போடாமல் உயரமாக விட்டிருந்தார்கள், சுற்றிலும் நெடிய ஜன்னல்கள். அதைத்தான் நூலகத்தின் வாசிப்புக் கூடமாக்கினார்கள். யாரோ வாசிப்புக் கூடமாகவே கட்டியது போல இருக்கிறது. அந்த உயரத்தை வீணடிக்கிறோமே என்று நடுவில் ஒரு தளம் போட்டிருந்தால் சதுர அடி கிடைத்திருக்கும், கூடம் செத்திருக்கும். பிறகு இடம் போதாமல் வந்தபோது, 2012-ல் பக்கத்தில் டயோகா கட்டடத்தை எழுப்பி நூலகத்தை நீட்டிக்கொண்டார்கள். சரியான வரிசை அது.

படி 4: அனுமதியும் பணமும்

கட்டடம் தேசிய வரலாற்று இடங்களின் பதிவேட்டில் இருக்கிறதா என்று பாருங்கள். டகோமாவின் கிட்டங்கிப் பகுதி முழுவதுமே அந்தப் பட்டியலில் ஒரு வட்டாரமாக இருக்கிறது. இருந்தால் உள்துறைச் செயலரின் மறுசீரமைப்பு விதிகள் பத்தும் உங்கள் மேசை மேல் இருக்க வேண்டும். சுருக்கமாகச் சொன்னால்: பழையதைப் பழுது பார், முடியாதபோதே மாற்று, புதிதாகச் சேர்ப்பது பழையதோடு ஒத்துப்போக வேண்டும், ஆனால் புதியது என்று பார்த்ததும் தெரிய வேண்டும், நாளை அதைக் கழற்றினாலும் பழைய கட்டடம் முழுசாக நிற்க வேண்டும்.

வருமானம் தரும் வரலாற்றுக் கட்டடத்தைச் சீரமைத்தால், தகுதியான செலவில் 20 சதவீதத்தை மத்திய வரியில் கழித்துக்கொள்ளும் சலுகை உண்டு. அரசுப் பல்கலைக்கழகம் வரியே கட்டுவதில்லை என்பதால் நேரடியாக இதைப் பெற முடியாது. தனியார் ஒருவர் சீரமைத்துப் பல்கலைக்கழகத்துக்கு வாடகைக்கு விடும் வழி இருக்கிறது. குத்தகைக் காலத்துக்குக் கறாரான வரம்புகள் உண்டு, ஆகவே வரி வக்கீலை டிசைனுக்கு முன்பே உட்கார வையுங்கள்.

மொத்தமாகச் செய்ய ஆசைப்படாதீர்கள். டகோமா 1997-ல் சில கட்டடங்களோடு திறந்தது, ஜாய் கட்டடம் 2011-ல் வந்து சேர்ந்தது, மில்கார்டு ஹால் 2023-ல். 46 ஏக்கர் வளாகம் இன்னும் வளர்கிறது.

படி 5: நிலநடுக்கம்

2001 பிப்ரவரி 28 அன்று அந்த வட்டாரத்தை 6.8 அளவில் நிஸ்குவாலி நிலநடுக்கம் உலுக்கியது. சியாட்டிலின் பழைய பயனீர் ஸ்கொயர் பகுதியில் கூரையோரக் கைப்பிடிச் சுவர்கள் பிய்ந்து தெருவில் நின்ற கார்கள் மேல் விழுந்தன.

கம்பி இல்லாத செங்கல் சுவர் தன் எடையால் மட்டுமே நிற்கிறது. விட்டங்கள் அதன் குழிகளில் சும்மா உட்கார்ந்திருக்கின்றன. அதிலும் பழைய தச்சர்கள் விட்டத்தின் முனையைச் சாய்வாக வெட்டியிருப்பார்கள். தீயில் விட்டம் எரிந்து விழுந்தால் சுவரை நெம்பித் தள்ளாமல் நழுவி விழட்டும் என்பது யோசனை. தீக்கு அது புத்திசாலித்தனம். நிலம் ஆடும்போதோ, சுவர் வெளியே சாய்ந்ததும் விட்டம் அதே சுலபத்தில் நழுவிவிடும்.

அதனால் வேலையின் வரிசை இப்படி இருக்கட்டும். முதலில் கைப்பிடிச் சுவர்களைக் கூரையோடு சேர்த்து முட்டுக் கொடுங்கள்; செலவு குறைவு, காப்பாற்றும் உயிர்கள் அதிகம். அடுத்து ஒவ்வொரு தளத்தையும் சுவரோடு இரும்புக் கம்பியால் பிணையுங்கள். வெளியே அந்தக் கம்பியின் முனையில் ஒரு இரும்புத் தட்டு தெரியும், தெரியட்டும். மூன்றாவதாக, பலகைத் தளத்தின் மேல் பிளைவுட் அடித்து முழுத் தளத்தையும் ஒரே தகடாக்குங்கள். அப்போதுதான் ஆட்டத்தின் விசை நாலு பக்கமும் பரவும். கடைசியாக, அந்த விசையை அஸ்திவாரம் வரை இறக்க இரும்புச் சட்டங்களோ கான்கிரீட் சுவர்களோ வேண்டும்.

அந்தச் சட்டங்களை எங்கே வைப்பது என்பதில்தான் ஆர்க்கிடெக்ட்டுக்கும் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியருக்கும் சண்டை வரும். ஜன்னல் முன்னால் ஒரு குறுக்குக் கம்பி போனால் அந்த அறையே கெட்டுப்போகும். லிப்ட், படிக்கட்டுச் சுவர்களோடு சேர்த்துவிட்டால் பாதிப் பிரச்சினை தீரும். மீதியை மறைக்காமல் விடுங்கள் என்பேன். வகுப்பின் ஓரத்தில் ஒரு பெரிய இரும்புச் சட்டம் நிற்பதைப் பார்க்கும் மாணவருக்கு, இந்தக் கட்டடத்தைக் காப்பாற்ற என்ன செய்தார்கள் என்பது தினமும் கண்ணில் படும்.

படி 6: தீ, படி, லிப்ட்

மரக்கட்டடத்தில் இத்தனை பேரா என்று பயப்படுவார்கள். பருமனான மரம் தீயில் மெதுவாகத்தான் கரியும். மணிக்குச் சுமார் 4 செ.மீ. ஒரு அடித் தூண் ஒரு மணி நேரம் எரிந்தாலும் உள்ளே கணிசமான மரம் மிஞ்சியிருக்கும், சுற்றியுள்ள கரியே கவசமாகிவிடும். ஆனாலும் தீ பிடித்தால் தானாகத் தண்ணீர் தெளிக்கும் ஸ்பிரிங்க்ளர் எல்லா மாடிக்கும் கட்டாயம். புகை ஏறாதபடி மூடிய இரண்டு படிக்கட்டுகளும், அவை ஒன்றுக்கொன்று தள்ளியும் இருக்க வேண்டும். பழைய மரப் படிக்கட்டு அழகாக இருந்தால் அதை வைத்துக்கொள்ளுங்கள், தப்பிக்கும் வழியாக மட்டும் கணக்கில் சேர்க்காதீர்கள்.

டகோமா வளாகம் செங்குத்தான மேட்டில் இருக்கிறது. பசிபிக் அவென்யூவில் தரைத்தளமாக நுழைகிற கட்டடத்துக்கு, மேல் தெருவில் இன்னொரு மாடியில் வாசல். சக்கர நாற்காலியில் வருபவர் அந்த மேட்டை எப்படி ஏறுவார்? கட்டடங்களுக்குள் இருக்கும் லிப்ட்தான் அவருக்குத் தெரு. ஆகவே உங்கள் மனையிலும் சரிவு இருந்தால் லிப்டைக் கட்டடத்தின் உள்விவகாரமாக நினைக்காமல், எந்த நேரம் எந்தக் கதவு திறந்திருக்கும் என்பது வரை யோசித்து வையுங்கள்.

படி 7: செங்கல், சாந்து, ஜன்னல்

இங்கே நான் கெஞ்சியே கேட்கிறேன்: சிமென்ட்டால் பாயிண்டிங் செய்யாதீர்கள், அதாவது செங்கல் இடுக்குகளைச் சிமென்ட்டால் அடைக்காதீர்கள். பழைய செங்கல் மிருது, அதன் சுண்ணாம்புச் சாந்து அதைவிட மிருது. ஈரம் சாந்து வழியாக வெளியேறும், சுவரின் சின்னச் சின்ன அசைவுகளைச் சாந்து வாங்கிக்கொள்ளும். சிமென்ட் வைத்தால் ஈரம் செங்கல் வழியாக வெளியேறப் பார்க்கும், சில குளிர்காலத்தில் செங்கலின் முகம் உதிர்ந்துவிடும். கடுக்காயும் கருப்பட்டியும் சேர்த்த சுண்ணாம்புச் சுவரில் வளர்ந்த நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்கவே தேவையில்லை. பழைய சாந்தை லேபில் கொடுத்து, அதே மணல், அதே நிறம், அதைவிட வலுக்கூடாத கலவை என்று எழுதி வாங்குங்கள்.

மணலை வீசிச் சுத்தம் செய்யும் முறையும் வேண்டாம். சூளையில் வெந்த மேல்தோல்தான் செங்கலின் காப்பு. மங்கிய விளம்பர எழுத்துகளும் அந்தத் தோலில்தான் இருக்கின்றன.

ஜன்னல்களைக் கழற்றிப் பழுது பார்த்து, தேவைப்பட்டால் உள்பக்கம் இரண்டாவது கண்ணாடி சேர்க்கலாம். குளிர் ஊர்களில் சுவரின் உள்பக்கம் தடிமனாக இன்சுலேஷன் ஒட்டும் முன், ஈரக் கணக்குப் போடத் தெரிந்தவரிடம் கேளுங்கள்.

படி 8: குழாய், வயர், சத்தம்

செங்கலும் மரமும் வெளியே தெரிய வேண்டும் என்றால், டக்ட் எனும் காற்றுக் குழாயும் பைப்பும் தெரியத்தான் செய்யும். ஒழுங்கான வரிசையில், விட்டங்களுக்கு இணையாக ஓட்டுங்கள். விட்டத்தில் துளை போடும் எலக்ட்ரீஷியனுக்கு இன்ஜினியரின் எழுத்து அனுமதி வேண்டும் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். மரத்தளத்தில் மேல்மாடி நாற்காலி நகர்த்தும் சத்தம் கீழ்வகுப்பில் கேட்கும். ரப்பர் விரிப்பும் அதன் மேல் மெல்லிய கான்கிரீட்டும் போட்டால் அடங்கும். அந்தக் கூடுதல் எடையை நிலநடுக்கக் கணக்கில் சேர்த்துவிட்டீர்களா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

படி 9: தெருவை மூடாதீர்கள்

பல்கலைக்கழகம் வந்ததும் வேலி போட்டு, கார்டு தட்டினால்தான் கதவு என்று ஆக்கிவிட்டால் நகர மையத்துக்கு வந்ததில் என்ன பயன்? டகோமாவில் பசிபிக் அவென்யூ பக்கத்துத் தரைத்தளங்களில் கடைகளும் சாப்பாட்டுக் கடைகளும் இருக்கின்றன, யார் வேண்டுமானாலும் நுழையலாம். வாசலிலேயே 2003 முதல் டிராம் ஓடுகிறது. வளாகத்தின் நடுவே போன பழைய ரயில் பாதை, வகுப்புகள் தொடங்கிய முதல் சில ஆண்டுகள் உயிரோடுதான் இருந்தது. ரயில் நின்ற பிறகு தண்டவாளத்தைப் பெயர்த்துவிடாமல், அதை ஒட்டியே நடைபாதை போட்டு 2014-ல் திறந்தார்கள். சரக்கு இறங்கிய கிட்டங்கி வாசல்களைத் தாண்டித்தான் மாணவர்கள் நடந்துபோகிறார்கள்.

படி 10: முதல் மழை

திறப்பு விழா முடிந்து, வகுப்புகள் தொடங்கி, முதல் பெரிய மழை வரும் நாளுக்காகக் காத்திருங்கள். படி 1-ல் நடந்த அதே வழியில் மறுபடி நடங்கள், அதே டார்ச்சோடு. ஸ்க்ரூ டிரைவர் இறங்கிய விட்டங்களின் எண் கையில் இருக்கட்டும். மாற்றிய முனைகளைத் தொட்டுப் பாருங்கள், கூரையோரம் சுவரில் கை வைத்துப் பாருங்கள். ஈரம் தெரியும் இடத்தை டிராயிங்கில் சிவப்பு மையால் வட்டமிட்டு, தேதி போட்டு, பராமரிப்பு அறையின் சுவரில் ஒட்டிவிட்டு வாருங்கள்.